பழனி மலைத்தொடரில் மலைநடையும் பருவங்களும்

பழனி மலைத்தொடர் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீளும் ஒரு கிளை. இதன் பெரும்பகுதி திண்டுக்கல் மாவட்டத்திலும், தெற்குச் சரிவின் ஒரு பகுதி தேனி மாவட்டத்திலும் உள்ளது. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமும், வடக்கு தெற்காக ஏறத்தாழ 40 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. கொடைக்கானல் இதன் முதன்மை நகரம். வழிபாடு, வணிகம், உடல்நலம், பொழுதுபோக்கு எனப் பல காரணங்களுக்காக மக்கள் இம்மலையில் நடந்திருக்கிறார்கள். எந்தப் பருவத்தில், எந்த வழியாக, எதற்காக ஏறினார்கள் என்பது காலத்துக்குக் காலம் மாறியது. அந்த மாற்றத்தின் வரலாற்றையும், 2018-ஆம் ஆண்டின் குரங்கணித் தீவிபத்துக்குப் பின் ஏற்பட்ட ஒழுங்குமுறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அமைவிடமும் நிலவமைப்பும்

திண்டுக்கல் சமவெளி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 270 மீட்டர் உயரத்தில் உள்ளது. வடமதுரை, வேடசந்தூர், அய்யலூர் முதலிய ஊர்கள் அமைந்த இந்த வறண்ட சமவெளியைச் சுற்றிலும் மலைகள் உண்டு. வடமதுரைக்குத் தெற்கே சிறுமலை, வடகிழக்கே அய்யலூர், கடவூர்ப் பகுதிக் குன்றுகள், தென்மேற்கே தொலைவில் பழனி மலைத்தொடர்.

பழனி மலைத்தொடரை மக்கள் கீழ்மலை, மேல்மலை என இரண்டாகப் பிரிப்பர். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் சார்ந்த கிழக்குப் பகுதி கீழ்மலை. இங்கு காப்பியும் மிளகும் மலைவாழையும் விளைகின்றன. கொடைக்கானலும் அதற்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை ஆகிய ஊர்களும் அமைந்த பீடபூமி மேல்மலை. கொடைக்கானல் நகரம் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. தொடரின் மேற்கு முனையிலுள்ள வந்தரவு சிகரம் 2,500 மீட்டரைத் தாண்டும்.

தொடரின் தெற்கு விளிம்பு செங்குத்தானது. தூண்பாறையில் கற்கள் 122 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கின்றன. வடக்குச் சரிவின் நீர் வரதமாநதி, பாலாறு, பொருந்தலாறு வழியாகச் சண்முகநதியில் சேர்ந்து அமராவதிக்குச் செல்கிறது. தெற்கு, கிழக்குச் சரிவுகளின் நீர் வராகநதி, மஞ்சளாறு, மருதாநதி வழியாக வைகையை அடைகிறது.

பருவநிலை

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையைப் போலவோ இமயமலையைப் போலவோ பழனி மலையில் பனி பொழிவதில்லை. ஆனால் திசம்பர் முதல் பிப்ரவரி வரை மேல்மலையின் பள்ளத்தாக்குகளில் இரவில் உறைபனி படிகிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்குவதால், மேட்டைவிடப் பள்ளத்தில் உறைபனி மிகுதி. திறந்த புல்வெளியில் மரக்கன்றுகள் நிலைக்காமல் போவதற்கு இந்த உறைபனியும் ஒரு காரணம் என ஆய்வாளர் கருதுகின்றனர். மேடுகளில் புல்வெளியும், நீரோடும் மடிப்புகளில் சோலைக்காடும் அடுத்தடுத்து அமைந்த தோற்றம் இம்மலையின் தனித்தன்மை.

உயரம் கூடக்கூட வெப்பம் குறைகிறது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ 6.5 பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. திண்டுக்கல்லுக்கும் கொடைக்கானலுக்கும் 1,800 மீட்டருக்கு மேல் உயர வேறுபாடு உள்ளதால், உயரத்தால் மட்டும் 12 பாகை அளவுக்கு வேறுபாடு வருகிறது. மேகமும் மூடுபனியும் சோலையின் ஈரமும் அதை மேலும் கூட்டுகின்றன. சமவெளியில் மே மாத வெயில் 40 பாகையை நெருங்கும் நாட்களில் கொடைக்கானலின் பகல் வெப்பம் 20 பாகையை ஒட்டியே இருக்கும்.

மழையிலும் இம்மலை தனிப்போக்கு உடையது. தென்மேற்குப் பருவக்காற்றின் நீரைப் பெருமளவு மூணாறு, ஆனைமலைப் பகுதிகள் வாங்கிக்கொள்கின்றன. எஞ்சிய ஈரம் சூன் முதல் ஆகத்து வரை தூறலாகவும், பலத்த காற்றாகவும், நாள் முழுதும் நீங்காத மூடுபனியாகவும் பழனி மலைக்கு வருகிறது. பெருமழை அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவத்தோடு வருகிறது. மேல்மலையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,600 மில்லிமீட்டர். சனவரியிலிருந்து மார்ச் வரை வறட்சி. உறைபனியில் கருகிய புல் அந்த மாதங்களின் வெயிலில் சருகாகக் காய்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை பெய்யத் தொடங்கும் வரை மலை தீப்பற்றும் நிலையில் இருக்கும்.

தமிழ் மரபில் மலையின் பொழுது

தமிழ் இலக்கண மரபு மலையும் மலைசார்ந்த நிலமுமாகிய குறிஞ்சிக்குக் கூதிர், முன்பனி ஆகியவற்றைப் பெரும்பொழுதாக வகுத்தது. ஐப்பசி முதல் தை வரையான நான்கு மாதங்கள் அவை. சிறுபொழுது யாமம். மலை என்றால் மழையும் குளிரும் இருளும் என்பதே அம்மரபின் பார்வை. வெயிலுக்கு ஒதுங்கும் இடமாக மலையை அது காணவில்லை.

பழனிப் பகுதியை ஆண்ட வையாவிக் கோப்பெரும் பேகன், மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தான் என்பது சங்க இலக்கியம் தரும் செய்தி. அவனுடைய பொதினியே இன்றைய பழனி. புறநானூற்றில் கோடை என்னும் மலைக்குத் தலைவனாகக் கடிய நெடுவேட்டுவன் குறிக்கப்படுகிறான். அந்தக் கோடைமலையைக் கொடைக்கானல் பகுதியோடு பொருத்துவோர் உண்டு. கொடைக்கானல் என்னும் பெயருக்குக் கோடைக்காலக் காடு, கொடிகள் அடர்ந்த காடு எனப் பல விளக்கங்கள் கூறப்படுகின்றன.

தாண்டிக்குடி, பெருமாள்மலைப் பகுதிகளிலுள்ள கற்திட்டைகள் இம்மலையில் மக்கள் வாழ்ந்த தொன்மையைக் காட்டுகின்றன. செண்பகனூரைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி அங்லாட், நியூட்டன் என்பவருடன் இணைந்து இவற்றை ஆராய்ந்தார். அவர்களின் நூல் இந்தியத் தொல்லியல் துறையின் வெளியீடாக 1928-இல் வந்தது. பளியர் இம்மலையின் பழங்குடியினர். குன்னுவர் முதலிய வேளாண் குடிகள் பிற்காலத்தில் சமவெளியிலிருந்து ஏறியவர்கள்.

பழனியை நோக்கிய பாதயாத்திரையும் பருவத்தை ஒட்டியே அமைந்தது. நகரத்தார் நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகத் தைப்பூசத்துக்கு நடந்து வருகின்றனர். தை மாதம் வடகிழக்கு மழை ஓய்ந்து, வெயில் ஏறாத காலம். அறுவடை முடியும் காலமும் அதுவே. பல நாள் வெட்டவெளியில் நடந்து, இரவில் வெளியிலேயே படுப்பவர்களுக்கு ஏற்ற மாதம் வேறில்லை. பங்குனி உத்திரத்துக்கு வருவோர் கொடுமுடியிலிருந்து காவிரி நீரைத் தீர்த்தக் காவடியாகச் சுமந்து வருவதும் வெயில் தொடங்கும் பருவத்துக்குப் பொருந்திய வழக்கம்.

அளவையாளரும் முதல் குடியேற்றமும்

ஐரோப்பியரின் குறிப்புகளில் பழனி மலை 1821-இல் இடம்பெறுகிறது. அவ்வாண்டு அளவையாளர் லெப்டினன்ட் பி. எஸ். வார்டு பெரியகுளம் பக்கத்திலிருந்து வெள்ளகவி வழியாக ஏறி மேல்மலையை அளந்தார். தூண்பாறை அருகிலுள்ள ஆழ்பிளவுகளுக்குப் பேயின் அடுக்களை என்னும் பொருளில் ஆங்கிலப் பெயரிட்டவரும் அவரே. 1834-இல் மதுரைத் துணை ஆட்சியர் ராட்டனும் வருவாய் வாரியத்தின் காட்டனும் மேலேறினர். செண்பகனூர் அருகே ஒரு சிறு பங்களா எழுந்தது. 1836-இல் தாவரவியலாளர் ராபர்ட் வைட் இங்கு வந்து செடிகளைத் திரட்டினார்.

நிலையான குடியேற்றத்துக்குக் காரணமாக இருந்தது நோய். 1834-இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிசனைச் சேர்ந்தவர்கள் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் அடுத்தடுத்து இறந்தனர். அவர்கள் முதலில் நாடிய மலை திண்டுக்கல்லை ஒட்டிய சிறுமலை. ஆனால் அதன் உயரம் போதவில்லை. அங்கும் மலைக்காய்ச்சல் எனப்பட்ட மலேரியா தாக்கியது. எனவே இன்னும் உயரமான பழனி மலையைத் தேர்ந்து, 1845-இல் கொடைக்கானலில் இரு வீடுகளைக் கட்டினர். அங்கிருந்த குளிர் அவர்களுக்கு உயிர்காப்பாக அமைந்தது. மலேரியா கொசுவால் பரவுகிறது என்பது உறுதிப்பட்டது 1897-98-இல் ரொனால்டு ராசின் ஆய்வால்தான். காரணம் தெரியாமலே, உயரமே மருந்து என்னும் முடிவுக்கு அவர்கள் வந்திருந்தனர்.

ஏரியும் நடைபாதையும்: சீசனின் தோற்றம்

மதுரை ஆட்சியராக இருந்த வேர் லெவிஞ்சு 1863-இல் சதுப்பான பள்ளத்தாக்கு ஒன்றின் ஓடைகளுக்குக் குறுக்கே அணை எழுப்பிக் கொடைக்கானல் ஏரியை உருவாக்கினார். முதல் படகு தூத்துக்குடியிலிருந்து கொண்டுவரப்பட்டது. 1872-இல் லெப்டினன்ட் கோக்கர் தெற்குச் சரிவின் விளிம்பில் அமைத்த ஒரு கிலோமீட்டர் நடைபாதை இன்றும் அவர் பெயரில் வழங்குகிறது. 1887-இல் ஆங்கிலேயர் மன்றமும், 1890-இல் படகு மன்றமும், 1895-இல் கோல்ஃப் மன்றமும் தோன்றின. வனத்துறை அதிகாரி பிரயண்ட் 1908-இல் திட்டமிட்ட பூங்காவில் இன்று ஆண்டுதோறும் மே மாதம் மலர்க் கண்காட்சி நடைபெறுகிறது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான காலம் ஏப்ரல் முதல் சூன் வரை. மலையில் எந்தக் காலம் நடைக்கு உகந்தது என்பதை வைத்து இது அமையவில்லை. சமவெளியில் எந்தக் காலம் தாங்க முடியாதது என்பதே இதை முடிவு செய்தது. நீதிமன்றங்களும் பள்ளிகளும் அதையொட்டி விடுமுறை விட்டன. அவ்வாறு உருவான சீசன் என்னும் சொல் இன்றும் கொடைக்கானலின் கடைக்காரர், ஓட்டுநர், குதிரைக்காரர் அனைவரின் பேச்சிலும் உள்ளது. குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் கொடுத்த தமிழ் மரபுக்கு நேர் எதிரான நாட்காட்டி இது.

சீசனுக்கு அப்பாலும் மலையில் நடந்தவர்கள் இருந்தனர். படை அதிகாரி டக்ளசு ஆமில்டன் 1860-களில் பேரிசம் பகுதியில் தங்கி, மேல்மலையின் மேற்குப் பகுதிகளை நடந்து பார்த்து 1864-இல் அறிக்கை எழுதினார். மிசனரிகளின் பிள்ளைகளுக்காக 1901-இல் தொடங்கிய பள்ளியே இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி. மாணவர்களை மலைநடைக்கும் கூடாரத் தங்கலுக்கும் அழைத்துச் செல்லும் வழக்கம் அங்கே தலைமுறைகளாகத் தொடர்கிறது.

ஏறிய வழிகள்

1875-இல் திருச்சி, திண்டுக்கல், மதுரை வழியான இருப்புப்பாதை வந்தது. சென்னையிலிருந்து கொடைக்கானலுக்குப் புறப்பட்டவர்கள் இரயிலில் வடமதுரையையும் திண்டுக்கல்லையும் கடந்து அம்மையநாயக்கனூரில் இறங்கினர். அந்நிலையமே பின்னர் கொடைக்கானல் ரோடு எனப் பெயர் பெற்றது. அங்கிருந்து மாட்டுவண்டியில் இரவு முழுதும் பயணம் செய்து, பெரியகுளம் அருகே மலையடிவாரத்திலுள்ள கிருட்டிணம நாயக்கன் தோப்பை அடைவர். வெயில் ஏறும் முன் அங்கிருந்து செங்குத்தான மலைப்பாதையில் ஏறத் தொடங்குவர். வசதியுள்ளோர் மட்டக்குதிரையிலும், டோலியிலும், நாற்காலியிலும் சென்றனர். மூட்டை முடிச்சுகள், அரிசி, கண்ணாடிச் சாமான், பியானோ வரை எல்லாம் சுமைகூலிகளின் தலையிலும் தோளிலும் ஏறின.

கொடைக்கானலின் பொழுதுபோக்கு வரலாற்றில் பெயர் இல்லாமல் மறைந்தவர்கள் இந்தச் சுமைகூலிகள். மேலே தங்கியவர்களின் சீசன் அவர்களுக்கு வேலைக்காலம். காய்ச்சல் மிகுந்த அடிவாரத்துக்கும் குளிர்ந்த உச்சிக்கும் இடையே அவர்கள் ஒரே நாளில் ஏறி இறங்கினர்.

வத்தலக்குண்டிலிருந்து வண்டிச்சாலை அமைக்க 1875-இல் மேசர் லா வழி குறித்தார். வேலை 1878-இல் தொடங்கினாலும் போரும் பணத்தட்டுப்பாடும் குறுக்கிட, பல பத்தாண்டுகள் இழுத்தது. லாவின் பெயரில் வழங்கும் அச்சாலை 1916-இல் பொதுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. உந்து வண்டிகள் ஏறத் தொடங்கியதும் டோலியும் மலைப்பாதையும் வழக்கிழந்தன. வார்டு ஏறிய பாதையிலுள்ள வெள்ளகவி சாலையிலிருந்து விலகிய ஊராக நின்றது. கும்பக்கரைக்கும் வட்டக்கானலுக்கும் இடையிலுள்ள அந்த ஊருக்கு விளைபொருளும் மளிகையும் நெடுங்காலம் குதிரை முதுகில் சென்றன. ஊரைத் தெய்வத்தின் இடமாகக் கருதி, எல்லைக்குள் மக்கள் செருப்பு அணிவதில்லை. இன்று மலைநடைக்கு வருவோர் விரும்பும் வழிகளுள் இதுவும் ஒன்று.

தொடரின் மேற்கு முனையில் வேறொரு வழி இருந்தது. மூணாறு பகுதித் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் மூலம் டாப் ஸ்டேசனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தமிழகப் பக்கத்துக் கோட்டகுடிக்கு இறக்கப்பட்டு, போடிநாயக்கனூருக்குச் சென்றது. 1924 சூலையில் பெய்த பெருமழையில் அந்த இரயில்பாதை அழிந்தது. கேரளத்தில் அது தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் எனப்படுகிறது. ஒரே மலையின் மேற்குச் சரிவைத் தென்மேற்குப் பருவம் எவ்வளவு கடுமையாகத் தாக்கக்கூடும் என்பதற்கு அது சான்று.

இரண்டாம் உலகப் போரில் சப்பானியத் தாக்குதல் அச்சம் எழுந்தபோது, கொடைக்கானலிலிருந்து பேரிசம், வந்தரவு வழியாக டாப் ஸ்டேசனுக்கும் மூணாறுக்கும் செல்லும் பாதை தப்பிக்கும் வழியாகச் சீரமைக்கப்பட்டது. 1990-இல் அது பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டது.

சூரியனையும் பருவத்தையும் பார்த்த கூடம்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் தாக்கியது. மதுரை மாவட்டமும் அதில் சிக்கியது. பருவமழை ஏன் பொய்க்கிறது என்னும் கேள்வி அரசை உலுக்கியது. சூரியனில் ஏற்படும் மாற்றங்களுக்கும் மழைக்கும் தொடர்பு இருக்கலாம் என அன்று கருதினர். அந்த ஆராய்ச்சிக்குத் தூசியும் வெப்ப அலைவும் குறைந்த இடம் தேவைப்பட்டது. சென்னை வானாய்வகத்தின் தலைவராக இருந்த மைக்கி சிமித் கொடைக்கானலைத் தேர்ந்தார். 1899-இல் தொடங்கிய கூடம் 1901-இல் முறையான ஆய்வைத் தொடங்கியது. கடல்மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் அது அமைந்துள்ளது.

1909 சனவரியில் சான் எவர்செட் இங்கே சூரியப் புள்ளிகளில் வளிமம் மையத்திலிருந்து வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டார். அது எவர்செட் விளைவு எனப்படுகிறது. கண்டுபிடிப்பு சனவரியில் நிகழ்ந்ததில் பருவநிலைக்கும் பங்கு உண்டு. மழையும் மூடுபனியும் ஓய்ந்து, வானம் மிகத் தெளிவாக இருக்கும் மாதங்கள் சனவரி முதல் மார்ச் வரை. மலையைத் தொலைவு வரை தெளிவாகக் காட்டும் அதே வறட்சி, புல்லைத் தீக்கு இரையாக்கும் வறட்சியும் ஆகும்.

குறிஞ்சி பூக்கும் ஆண்டுகள்

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் புதர்ச்செடி. அண்மைப் பூப்புகள் 1982, 1994, 2006, 2018 ஆண்டுகளில் நிகழ்ந்தன. பெரும்பாலும் சூலை முதல் அக்டோபர் வரை, தூறலும் மூடுபனியும் நிறைந்த நாட்களில் சரிவுகள் நீலமாகின்றன. பூத்துக் காய்த்த செடி மடிகிறது. அடுத்த தலைமுறை விதையிலிருந்து எழுகிறது. மலையில் ஆண்டுக்கணக்கைக் குறிஞ்சிப் பூப்பைக் கொண்டு எண்ணும் வழக்கமும் இருந்தது.

இந்தச் செடி வாழ்வது புல்வெளியில். 20-ஆம் நூற்றாண்டில் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் காகிதக் கூழுக்கும் என வேட்டில் எனப்படும் சீகை, தைலமரம், பைன் ஆகியவை பழனி மலையின் புல்வெளிகளில் பெருமளவில் நடப்பட்டன. அதனால் புல்வெளி சுருங்கியது. 1989-இல் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த இயற்கை ஆர்வலர்கள் குறிஞ்சியைக் காக்கக் கோரிக் கொடைக்கானலிலிருந்து மூணாறுக்கு நடந்தனர். பொழுதுபோக்காக இருந்த மலைநடை காப்புக்கான கருவியாக மாறிய தருணம் அது. 2006-இல் கேரள அரசு குறிஞ்சிமலைச் சரணாலயத்தை அறிவித்தது. தமிழகப் பக்கத்தில் பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் 1985 முதல் செயல்பட்டது. 2013-இல் ஏறத்தாழ 609 சதுர கிலோமீட்டர் பரப்பு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

குரங்கணித் தீவிபத்து

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு மேற்கே உள்ள குரங்கணி, டாப் ஸ்டேசன், கொழுக்குமலை ஆகிய இடங்களுக்கு ஏறும் அடிவார ஊர். 2018 மார்ச் 10, சனிக்கிழமை அன்று சென்னையிலிருந்து ஒரு குழுவினர் கொழுக்குமலைக்கு ஏறினர். ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் சிலர் வந்திருந்தனர். பலர் முதன்முறையாக மலைநடைக்கு வந்த இளைஞர்கள். பெண்கள் பெரும்பான்மையாக இருந்தனர். மறுநாள் பிற்பகல் இறங்கி வரும் வழியில், காய்ந்த புல் அடர்ந்த சரிவில் காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்தது.

சரிவில் தீயின் இயல்பு சமதளத்திலிருந்து வேறுபட்டது. மேலெழும் வெப்பம் தீக்கு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்துகிறது. பிற்பகலில் வெப்பமான காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசுகிறது. இரண்டும் சேர்ந்து தீயை மனிதர் ஏறும் வேகத்தைவிடப் பல மடங்கு விரைவாக மேலே செலுத்துகின்றன. எனவே தீயைக் கண்டு மேல்நோக்கி ஓடுவது பெரும் ஆபத்து. புகையில் வழி தெரியாமல் சிதறியவர்கள் பாறை இடுக்குகளில் விழுந்தனர்.

குரங்கணியைச் சேர்ந்த ஊர்மக்களும் தோட்டத் தொழிலாளர்களும் முதலில் உதவிக்கு ஓடினர். காயமடைந்தவர்களைப் போர்வைகளிலும் கம்புகளில் கட்டிய டோலியிலும் சுமந்து இறக்கினர். பின்னர் வனத்துறை, தீயணைப்புத் துறை, விமானப்படை உலங்கு வானூர்திகள் மீட்பில் இறங்கின. முதல் நாளில் ஒன்பது பேர் இறந்தனர். மருத்துவமனைகளில் இறந்தவர்களையும் சேர்த்து உயிரிழப்பு 23 ஆனது.

தமிழக அரசு அதுல்ய மிசுரா தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. அனுமதி எந்த வழிக்குப் பெறப்பட்டது, தீக்காலத்தில் மலைநடை ஏன் தடுக்கப்படவில்லை, வழிகாட்டியின் தகுதி என்ன என்னும் கேள்விகள் எழுந்தன. அவ்விபத்து ஓர் அடிப்படை முரணை வெளிப்படுத்தியது. மார்ச் மாதத்தில் மழை இல்லை, அட்டை இல்லை, வானம் தெளிவு, வார விடுமுறையில் போய்வரலாம். சமவெளியிலிருந்து பார்க்க அது நடைக்கு மிக ஏற்ற காலம். மலையின் கணக்கில் அது தீக்காலம். மலையோர ஊர்களில் வாழ்வோர் அறிந்திருந்த இந்தக் கணக்கு வருகையாளர்களின் நாட்காட்டியில் இல்லை.

ஒழுங்குமுறைகள்

2018-இலேயே வனப்பகுதிகளில் மலைநடையை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழக அரசு வெளியிட்டது. வனத்துறையின் முன் அனுமதி, அறிவிக்கப்பட்ட வழி, வழிகாட்டி ஆகியவை கட்டாயமாயின. வழிகள் எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை எனப் பிரிக்கப்பட்டன. தீக்காலத்தில் நடை நிறுத்தப்படுகிறது. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய மலைநடைத் திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 வழிகள் இணையவழிப் பதிவுக்குத் திறக்கப்பட்டன. உள்ளூர்ப் பழங்குடியினரும் மலைக்கிராம இளைஞர்களும் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றனர். ஒரு காலத்தில் சுமைகூலியாக மட்டுமே ஏறியவர்களின் ஊர்களிலிருந்து வழியை முடிவு செய்பவர்கள் வரத் தொடங்கியிருப்பது இதன் முக்கியமான விளைவு.

சீசனின் கூட்டம் இன்னொரு சிக்கல். சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் உதகைக்கும் செல்லும் வண்டிகளுக்கு மின்னனுமதி கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என வரம்பு விதிக்கப்பட்டது.

இடர்களில் சில பருவத்தைச் சார்ந்தவை அல்ல. வார்டு பெயரிட்ட ஆழ்பிளவுகள் 1991-இல் வெளியான குணா திரைப்படத்துக்குப் பின் குணா குகை என அறியப்பட்டன. அவற்றில் விழுந்து பலர் இறந்ததால் அவை கம்பிவேலியிட்டு மூடப்பட்டன. 2006-இல் அங்கு விழுந்த கேரள இளைஞர் ஒருவர் நண்பரால் உயிருடன் மீட்கப்பட்ட நிகழ்ச்சியே 2024-இல் வெளியான மஞ்சும்மல் பாய்ஸ் படத்தின் கதை. அப்படத்துக்குப் பின் அவ்விடத்துக்கு மீண்டும் கூட்டம் பெருகியது.

மழைக்காலத்தின் இடர் மண்சரிவும் மரம் சாய்தலும். 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கசா புயல் திண்டுக்கல் மாவட்டம் வழியாக மேற்கே சென்றது. கொடைக்கானல் மலைச்சாலைகளில் மரங்கள் சாய்ந்து போக்குவரத்து துண்டிக்கப்பட்டது. ஒரே ஆண்டில் மார்ச்சில் தீயும், ஆகத்தை ஒட்டிக் குறிஞ்சிப் பூப்பும், நவம்பரில் புயலும் இம்மலைத்தொடர் சார்ந்த பகுதியைக் கடந்தன.

பருவங்களும் நடையும்: சுருக்கம்

திசம்பர் – சனவரி: மழை ஓய்ந்த காலம். பகல் தெளிவு, இரவில் உறைபனி. ஓடைகளில் நீர் உண்டு, புல் முழுதும் காயாதிருக்கும். நீண்ட நடைக்கு ஏற்றது. கம்பளி ஆடை தேவை.

பிப்ரவரி – ஏப்ரல் நடுப்பகுதி: தீக்காலம். காட்டுவழிகள் மூடப்படும். நகரை ஒட்டிய நடைபாதைகளோடு நிறுத்திக்கொள்வதே முறை. காட்டோரத்தில் நெருப்பு மூட்டுவது குற்றம்.

ஏப்ரல் பிற்பகுதி – மே: சீசன். காலை தெளிவாகவும் பிற்பகல் இடிமழையாகவும் இருக்கும். காலையில் நடையை முடித்துவிட வேண்டும். இடி முழங்கும்போது திறந்த புல்வெளியிலும் தனிமரத்தடியிலும் நிற்பது ஆபத்து.

சூன் – செப்டம்பர்: காற்று, தூறல், மூடுபனி, அட்டை. தெற்கு விளிம்பின் பாறை முனைகளில் சில அடிகளுக்கு அப்பால் தெரியாமல் போகும். குறிஞ்சி பூக்கும் ஆண்டுகளில் இதுவே காண்பதற்குரிய காலம்.

அக்டோபர் – நவம்பர்: பெருமழை. ஓடைகள் திடீரெனப் பெருகும். கும்பக்கரை போன்ற அடிவார அருவிகளில் மேலே பெய்த மழையின் வெள்ளம், கீழே வெயில் அடிக்கும்போதும் வரக்கூடும்.

சமவெளியோடு உள்ள உறவு

பழனி மலையின் நடைவழிகள் மலைக்கு மட்டும் உரியவை அல்ல. புல்வெளி உறிஞ்சி வைத்து மெல்ல விடும் நீரே கோடையில் வரதமாநதியிலும் மருதாநதியிலும் ஓடுகிறது. மேலே தீ எரிந்த சரிவில் அடுத்த மழை மண்ணை அரித்துக் கொண்டுபோகும். அது கீழே அணைகளில் வண்டலாகப் படியும். வடமதுரைக்கு அருகிலுள்ள தாழ்ந்த குன்றுகளுக்கும் இதே நியாயம் பொருந்தும். அய்யலூர், கடவூர்ப் பகுதிக் காடுகளில் வாழும் தேவாங்குக்காகத் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பு 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வறண்ட அந்தக் குன்றுகளில் தீக்காலம் இன்னும் நீண்டது.

பழனி மலையில் இருநூறு ஆண்டுகளாக மக்கள் உடல்நலத்துக்கும் மகிழ்ச்சிக்கும் நடந்து வருகின்றனர். அந்நடையின் காலத்தைப் பெரும்பாலும் சமவெளியின் வெயிலும் விடுமுறையும் முடிவு செய்தன. மலையின் ஈரம், புல், காற்று ஆகியவற்றைக் கொண்டு காலத்தை முடிவு செய்யும் முறை 2018-க்குப் பின்னரே விதியாயிற்று. மலைவாழ் மக்களுக்கு அது புதிய அறிவு அல்ல.